விதைக்காமல் அறுத்தவர்கள்

விடியற்காலை. வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்ணின் கழுத்திலிருந்து ஐந்து பவுன் சங்கிலியை, பைக்கில் வந்த இருவர் அறுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கழுத்தில் ரத்தக் கீறலோடு அவர் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். பத்து நிமிடத்தில் தெருவே கூடிவிடுகிறது. "வண்டி நம்பர் பார்த்தீங்களா?" என்று கேட்பவர் ஒரே ஒருவர்தான். மற்றவர்களின் கேள்விகள் வேறு மாதிரி. "கோலம் போட வர்றப்போ எதுக்கும்மா இவ்வளவு நகை?" "வண்டிச் சத்தம் கேட்டதும் திரும்பிப் பார்த்திருக்க வேண்டாமா?" "கொஞ்சம் வெளிச்சம் வந்தப்புறம் வெளியே வரக் கூடாதா?"

இவர்களில் யாரும் அந்தப் பெண்ணுக்கு வேண்டாதவர்கள் இல்லை. ஒருவர் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தவர். இன்னொருவர் காவல் நிலையத்துக்குக் கூடவே போகத் தயாராக நிற்பவர். திருடனைப் பற்றிக் கேட்க வேண்டிய நேரத்தில் இத்தனை நல்லவர்கள் ஏன் பறிகொடுத்தவரைக் குறுக்கு விசாரணை செய்கிறார்கள்?

சங்கிலியோடு இது நிற்பதில்லை. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னவனை நம்பிப் பணத்தை இழந்தவரிடம் "படிச்ச நீங்களே இப்படி ஏமாறலாமா?" என்கிறோம். வன்கொடுமைக்கு ஆளான பெண் என்றால், அந்த நேரத்தில் அங்கே என்ன வேலை என்பதில் தொடங்குகிறோம். இந்தப் பழக்கத்துக்கு 'பாதிக்கப்பட்டவரைப் பழித்தல்' என்று பெயர். 1971-இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ரையன் இதையே தலைப்பாக வைத்து எழுதிய நூலால் அந்தச் சொல் பரவியது. கறுப்பின ஏழைகளின் வறுமைக்கு அவர்களுடைய குடும்ப அமைப்பையே காரணம் காட்டியவர்களுக்கு எதிராக எழுதப்பட்ட நூல் அது. கல்நெஞ்சக்காரர்களின் குணம் என்று இதை ஒதுக்கிவிட்டால் வேலை எளிது. ஆனால் ஆய்வுகள் காட்டுவது அதுவல்ல.

இந்தக் கேள்வியை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுபோனவர் மெல்வின் லெர்னர். மனநல மருத்துவமனையில் பயிற்சி பெற்றபோது ஒன்று அவர் கண்ணில் பட்டது. அன்பும் படிப்பும் உள்ள சக ஊழியர்களே நோயாளிகளின் துன்பத்துக்கு நோயாளிகளையே குறை சொன்னார்கள். 1966-இல் கரோலின் சிம்மன்ஸ் என்பவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வு இன்றைக்கும் பாடநூல்களில் இருக்கிறது.

அதில் 72 கல்லூரி மாணவிகள் கலந்துகொண்டார்கள். ஓர் அறையில் உட்கார்ந்து, திரையில் தெரியும் இன்னொரு மாணவியைக் கவனிப்பதுதான் அவர்கள் வேலை. அந்த மாணவி சொல் இணைகளை மனப்பாடம் செய்கிறாள். தப்பாகச் சொல்லும்போது மின்னதிர்ச்சி, அவள் துடிக்கிறாள். உண்மையில் மின்சாரமும் இல்லை, வலியும் இல்லை. அவள் ஆய்வாளர்களின் ஆள், திரையில் ஓடியது முன்பே எடுத்து வைத்த பதிவு. பார்த்தவர்களுக்கு அது தெரியாது. (இப்படி ஏமாற்றி மனத்தைக் கலங்கடிக்கும் சோதனைக்கு இன்றைய அறநெறிக் குழுக்கள் அவ்வளவு லேசில் அனுமதி தருவதில்லை. பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி நாம் அறிந்ததில் ஒரு பகுதி, இப்படிச் சிலரைக் கலங்கவைத்து அறிந்ததுதான்.)

சில குழுக்களுக்கு ஒரு வாய்ப்பு தரப்பட்டது. அடுத்த சுற்றில் அந்த மாணவிக்கு மின்னதிர்ச்சியை நிறுத்திவிட்டு, சரியான விடைக்குப் பணம் கொடுக்கலாமா என்று வாக்கெடுத்தார்கள். ஏறத்தாழ எல்லோரும் 'கொடுக்கலாம்' என்றே வாக்களித்தார்கள். கல்நெஞ்சர் கதை இங்கேயே அடிபட்டுப் போகிறது. வேறு சில குழுக்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. இன்னொரு சுற்றும் அவள் இதையே அனுபவிக்கப்போகிறாள் என்று மட்டும் சொல்லப்பட்டது. பிறகு எல்லோரிடமும் கேட்டார்கள்: இந்த மாணவி எப்படிப்பட்டவள்? மற்றவர்கள் விரும்பக்கூடியவளா, மதிக்கத்தக்கவளா?

பணம் கொடுத்து ஈடுகட்ட முடிந்தவர்கள் அவளைப் பற்றி நல்லபடியாகவே மதிப்பிட்டார்கள். கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவர்களோ அவளைத் தரம் தாழ்த்தினார்கள். எல்லோரையும்விட மோசமான மதிப்பெண் ஒரு தனி வகையில் கிடைத்தது. அந்த வகையில் அவள் முதலில் மறுக்கிறாள். 'உன் சக மாணவிகளுக்குப் பாட மதிப்பெண் கிடைக்க வேண்டுமே' என்று சொன்னதும், அவர்களுக்காக வலியைத் தாங்க ஒப்புக்கொள்கிறாள். பிறருக்காகத் தியாகம் செய்தவளைத்தான் அதிகமாகக் குறைத்து மதிப்பிட்டார்கள்!

லெர்னர் இதற்குத் தந்த விளக்கம் 'நியாய உலக நம்பிக்கை'. உலகில் அவரவர்க்கு உரியது அவரவர்க்குக் கிடைக்கிறது என்று நாம் நம்ப வேண்டியிருக்கிறது. அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப முடியாது, இருபது வருடத் தவணையில் வீட்டுக்கடன் வாங்க முடியாது. ஒழுங்காக இருந்தால் ஒழுங்காக நடக்கும் என்ற உள்ளூர ஒப்பந்தம் அது. ஒரு தப்பும் செய்யாதவர் கண் முன்னால் அடிபடும்போது அந்த ஒப்பந்தம் ஆட்டம் காண்கிறது. அதைக் காப்பாற்ற இரண்டே வழி. அவருக்கு நடந்த அநியாயத்தைச் சரிசெய்யலாம். முடியாவிட்டால், நடந்தது அநியாயமே இல்லை, அவரிடமும் ஏதோ குறை இருக்கிறது என்று நம்மைச் சமாதானப்படுத்திக்கொள்ளலாம். குறை அவருடையது என்றால், நமக்கு அது நடக்காது. "எதுக்கும்மா இவ்வளவு நகை?" என்று கேட்கிறவர் தன் கழுத்துக்குத்தான் தைரியம் சொல்லிக்கொள்கிறார்.

இது ஆய்வுக்கூடத்து வித்தை என்று ஒருவர் வாதிடலாம். சொல் இணைகளைத் தப்பாகச் சொன்னாள் அல்லவா, மந்தமானவள் என்று நினைத்திருப்பார்கள். அப்படியென்றால் திறமைக்கும் குணத்துக்கும் துளிகூட இடமில்லாத, வெறும் அதிர்ஷ்டத்தால் வரும் துன்பத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். வியட்நாம் போர்க் காலத்து அமெரிக்கா அதற்கு வழி செய்தது. கட்டாய ராணுவச் சேவைக்கு யாரை அழைப்பது என்பதைப் பிறந்த தேதியைக் குலுக்கிப்போட்டுத் தீர்மானித்தார்கள். 1971-ஆம் ஆண்டுக் குலுக்கலின்போது, அதில் தங்கள் தேதியும் இருந்த இளைஞர்களைச் சிறு குழுக்களாக உட்காரவைத்து வானொலியில் முடிவைக் கேட்கச் செய்தார்கள் சிக் ரூபின், லெட்டீஷியா ஆன் பெப்லாவ் என்ற இரு ஆய்வாளர்கள். ஒருவரைப் பற்றி மற்றவர் என்ன நினைக்கிறார் என்பதும் பதிவானது. மோசமான எண் விழுந்தவர்கள்மேல் பொதுவாக அனுதாபமே இருந்தது. ஆனால் நியாய உலக நம்பிக்கை அதிகமாக உள்ளவர்கள் என்று வினாத்தாள் காட்டியவர்களிடம், தோற்றவர்கள்மேல் ஒரு கசப்பு தென்பட்டது. பிறந்த தேதியைத் தவிர வேறு எந்தக் 'குற்றமும்' செய்யாதவர்கள் அவர்கள். எல்லா மனிதர்களும் எப்போதும் பழிக்கிறார்கள் என்பதில்லை. ஆளுக்கு ஆள் அளவு மாறும் என்பதையும் இந்த ஆய்வு காட்டியது.

நம்பிக்கை ஆட்டம் காண்கிறது என்பதை எப்படி அளப்பது? 2000-ஆம் ஆண்டில் கனடாவைச் சேர்ந்த கரோலின் ஹேஃபர் அதற்கு ஒரு வழி கண்டார். பல வண்ணங்களில் சொற்கள் திரையில் வரும். சொல்லைப் படிக்காமல் வண்ணத்தை மட்டும் சொல்ல வேண்டும். மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம் தொடர்பான சொல் வந்தால், வண்ணத்தைச் சொல்ல நொடியில் ஒரு சிறு பங்கு தாமதமாகும். ஒரு பாவமும் அறியாதவர் தாக்கப்பட்ட கதையைக் காட்டிவிட்டு ஹேஃபர் இந்தச் சோதனையைச் செய்தார். தாக்கியவர்கள் பிடிபடவில்லை என்று கேள்விப்பட்டவர்கள், நீதி நியாயம் தொடர்பான சொற்களில் அதிகமாகத் தடுமாறினார்கள். பிடிபட்டார்கள் என்று கேட்டவர்களிடம் அவ்வளவு தடுமாற்றம் இல்லை.

இந்த நம்பிக்கை சிறு வயதிலேயே ஊறிவிடுகிறது. பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று கேட்டு வளராத தமிழ்ப் பிள்ளை உண்டா? சுவிட்சர்லாந்தின் ஜான் பியாஜே 1932-இல் வெளியிட்ட நூலில் இதற்கு நேர் நிகரான சோதனை வருகிறது. ஆப்பிள் திருடிய பையன் ஓடும்போது உளுத்துப்போன பாலம் உடைந்து ஆற்றில் விழுகிறான். திருடாமல் இருந்திருந்தால் விழுந்திருப்பானா? விழுந்திருக்கமாட்டான் என்றார்கள் சின்னக் குழந்தைகள் பெரும்பாலோர். வயது ஏற ஏற, பாலத்துக்குத் திருட்டு தெரியாது என்பது பிள்ளைகளுக்குப் புரிகிறது. பெரியவர்களான பிறகும் அந்தக் குழந்தை முழுதாக நம்மை விட்டுப் போவதில்லை.

வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பது பழமொழி. விதைக்கப்போகிறவனை எச்சரிக்கும்வரை அதில் பழுதில்லை. அதைத் தலைகீழாகத் திருப்பி, அறுக்கிறவனைப் பார்த்து 'நீ ஏதோ விதைத்திருப்பாய்' என்று சொல்லும்போதுதான் கோளாறு. பக்கத்து வயல்காரன் வீசிய களை விதையும் நம் வயலில் முளைக்கும் அல்லவா?

சிலப்பதிகாரமே இந்த இரண்டு பக்கத்தையும் காட்டுகிறது. கோவலன் நிரபராதி. தீர விசாரிக்காத பாண்டியன் தன் குற்றத்தை உணர்ந்து அரியணையிலேயே உயிர் விடுகிறான். பொறுப்பு யாருடையது என்பதில் அங்கே சந்தேகமே இல்லை. ஆனால் மதுரை எரியும்போது மதுராபதித் தெய்வம் கண்ணகி முன் தோன்றி இன்னொரு கணக்கையும் சொல்கிறது: முற்பிறப்பில் பரதன் என்ற பெயரோடு கலிங்கத்துச் சிங்கபுரத்தில் இருந்த கோவலன், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக்கொடுத்துக் கொல்லவைத்தான், அந்த வினைதான் இது. இப்பிறவியில் குறை கிடைக்காவிட்டால் முற்பிறவியில் தேடும் மனித மனத்தை இதைவிடத் துல்லியமாக எந்த ஆய்வுக்கூடமும் படம்பிடித்ததில்லை. இளங்கோ அதைக் கண்ணகி நீதி கேட்டு முடித்த பிறகே வைக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நியாய உலக நம்பிக்கைக்குத் துணைபோகும் இன்னொன்று 'பின்னறிவுச் சாய்வு'. முடிவு தெரிந்தபின், அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியது என்று தோன்றும் மயக்கம் அது. அமெரிக்க உளவியலாளர் லிண்டா கார்லி ஒரே கதையை இரண்டு குழுவினருக்குக் கொடுத்தார். ஓர் ஆணும் பெண்ணும் பழகுகிறார்கள், சேர்ந்து ஓரிடத்துக்குப் போகிறார்கள். ஒரு குழுவின் கதை அவன் திருமணம் செய்துகொள்ளக் கேட்பதில் முடிகிறது. மற்றதில் அவன் அவளை வல்லுறவு செய்கிறான். கடைசி வரியைத் தவிர வேறு எந்த மாற்றமும் இல்லை. இரண்டாம் கதையைப் படித்தவர்களுக்கு, அவள் நடத்தை முதலிலிருந்தே இதற்கு இட்டுச்சென்றதாகத் தோன்றியது. அதைவிடக் கவலை தருவது அடுத்தது. பிறகு நினைவைச் சோதித்தபோது, அந்த முடிவுக்குப் பொருந்தும்படியான, கதையில் இல்லவே இல்லாத விவரங்களையும் சேர்த்துச் சொன்னார்கள்.

வாக்கியத்தின் போக்குக்கும் இதில் பங்கு உண்டு. லாரா நீமி, லியான் யங் இருவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், தாக்கியவரை எழுவாயாக வைத்து எழுதிய வாக்கியங்களைவிட, தாக்கப்பட்டவரை எழுவாயாக வைத்த வாக்கியங்களைப் படித்தவர்கள் பாதிக்கப்பட்டவர்மேல் அதிகப் பொறுப்பு சுமத்தினார்கள். 'மாணவி பலாத்காரம்' என்று தலைப்பு வைக்கும் செய்தி ஆசிரியர்கள் யோசிக்க வேண்டிய விஷயம். செய்தவன் அந்தத் தலைப்பில் எங்கே இருக்கிறான்?

தெருப் பேச்சில் இது நாகரிகக் குறைவு. நீதிமன்றத்துக்குள் வந்தால் தீர்ப்பாகிவிடுகிறது. 1972-இல் மகாராஷ்டிரத்தில் ஒரு காவல் நிலையத்துக்குள்ளேயே ஒரு பழங்குடி இளம்பெண் வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டதாக வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவர்கள் இரு காவலர்கள். கீழ் நீதிமன்றம் பெண்ணின் நடத்தையைச் சுட்டிக்காட்டி அவர்களை விடுவித்தது. உயர் நீதிமன்றம் தண்டித்தது. 1978-இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் விடுவித்தது. உடம்பில் காயமில்லை, கூச்சலிட்டதாகத் தெரியவில்லை என்பது அதன் தர்க்கம். அடுத்த ஆண்டு உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் என்ற நான்கு சட்டப் பேராசிரியர்கள் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். காவல் நிலையத்துக்குள், காவலர்களுக்கு நடுவில், ஓர் ஏழைப் பெண் பணிந்துபோவதும் சம்மதிப்பதும் ஒன்றா என்பதுதான் அவர்கள் எழுப்பிய கேள்வி.

'ஏன் கத்தவில்லை' என்ற கேள்விக்கு உடலியல் தரும் பதில் ஒன்று இருக்கிறது. பேராபத்தில் சிக்கிய உடம்பு எதிர்க்கும் அல்லது ஓடும் என்றுதான் நாம் நினைக்கிறோம். மூன்றாவது ஒன்று உண்டு: உறைதல். தப்ப வழியே இல்லை என்றாகும்போது கை கால் அசையாது, குரல் எழும்பாது. அது நாமாக எடுக்கும் முடிவல்ல. விலங்குகளிடம் நெடுங்காலமாகவே கவனிக்கப்பட்டது இது. ஸ்டாக்ஹோம் நகரில் வல்லுறவுக்கு ஆளானோருக்கான அவசரச் சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் ஆன்னா மொல்லரும் சக மருத்துவர்களும் விசாரித்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். 70 விழுக்காட்டினர் குறிப்பிடத்தக்க அளவிலும், 48 விழுக்காட்டினர் மிகக் கடுமையாகவும் இந்த உறைநிலையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். கத்தாதது சம்மதத்தின் அடையாளம் என்று எடுத்துக்கொள்ளும் நீதிமன்றம், பெரும்பான்மையான பெண்களின் உடம்பே அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னதாக ஆக்கிவிடும்.

சட்டம் மெல்லத்தான் நகர்ந்தது. 1983-இல், காவலில் நடக்கும் வல்லுறவில் பெண் 'சம்மதிக்கவில்லை' என்று சொன்னால் நீதிமன்றம் அதை அப்படியே அனுமானிக்க வேண்டும் என்ற விதி வந்தது. அவளுடைய பொதுவான ஒழுக்கத்தைக் கிளறிச் சாட்சியத்தைப் பொய்யாக்க இடம் தந்த பிரிவு நீங்கப் பின்னும் இருபது ஆண்டுகள் ஆயின. 2003-இல்தான் அது போனது. உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தால் சம்மதித்ததாகக் கொள்ளக் கூடாது என்பதைச் சட்டமே எழுத்தில் சொன்னது 2013-இல். பெண் பாலுறவுக்குப் பழகியவரா என்று பார்க்கும் இருவிரல் பரிசோதனையைச் செய்பவர் தவறிழைத்தவர் ஆவார் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கண்டித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அனுதாபமே படாத சமூகம் அல்ல இது. ஆனால் அதற்கு நிபந்தனை வைக்கிறது. நார்வேயின் குற்றவியலாளர் நீல்ஸ் கிரிஸ்டி 1986-இல் 'இலட்சியப் பாதிக்கப்பட்டவர்' என்று ஒரு சித்திரம் வரைந்தார். நோயுற்ற சகோதரியைக் கவனித்துவிட்டுப் பட்டப்பகலில் வீடு திரும்பும் மூதாட்டி. அவரை அடித்துப் பணத்தைப் பறிக்கிறான் முன்பின் தெரியாத ஒரு முரடன். பலவீனமானவர், நல்ல காரியத்துக்குப் போனவர், குறை சொல்ல முடியாத இடத்தில் இருந்தவர், எதிரியோ அந்நியன். இத்தனையும் பொருந்தினால்தான் நம் இரக்கம் முழுதாகச் சுரக்கிறது. நிஜ வாழ்க்கை இந்தச் சித்திரத்துக்குப் பொருந்துவதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் ஆண்டுதோறும் பதிவாகும் வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்தவர்.

அப்படியென்றால் ஜாக்கிரதையாக இரு என்று சொல்வதே தப்பா? தப்பில்லை. எப்போது, யாரிடம் சொல்கிறோம் என்பதில் இருக்கிறது வித்தியாசம். நடப்பதற்கு முன்னால் ஊருக்கெல்லாம் சொன்னால் அது எச்சரிக்கை. நடந்த பின்னால் பறிகொடுத்தவரிடம் சொன்னால் அது தீர்ப்பு. திறந்துகிடந்த கதவு திருட்டுக்கு வசதியாக இருந்திருக்கலாம். அதற்காகத் திருடனுக்குத் தண்டனையில் கழிவு தரும் பிரிவு எதுவும் சட்டத்தில் இல்லை. சாலை விபத்து போன்ற இழப்பீட்டு வழக்குகளில் இரு தரப்பு அலட்சியத்தையும் நீதிமன்றம் எடைபோடும். அங்கே இரண்டு பேருமே தவறுதலாகச் செய்தவர்கள். வேண்டுமென்றே செய்த குற்றத்தில் அந்தக் கணக்குக்கு இடமில்லை.

பழிப்பதற்கு ரொக்கமாகவே விலை உண்டு. இணைய மோசடியில் பறிபோகும் பணம், அதற்கென்றே வாடகைக்கு எடுத்த வங்கிக் கணக்குகள் வழியாக நிமிடக் கணக்கில் கைமாறுகிறது. 1930 என்ற எண்ணுக்கு உடனே சொன்னால் போகிற வழியில் அதை முடக்க வாய்ப்பு உண்டு. 'வெளியே தெரிந்தால் சிரிப்பார்கள்' என்று இரண்டு நாள் மென்று விழுங்கியவர் இழப்பது அந்த வாய்ப்பைத்தான். மோசடிக்காரனுக்கு நம் கேலி ஓர் இலவசக் கூட்டாளி.

லெர்னரின் ஆய்வில் அதிகம் பேசப்படாத பாதி, ஈடுகட்ட முடிந்தவர்கள் பழிக்கவில்லை என்பது. இரக்கப்படு என்று உபதேசிப்பதைவிட, ஈடுகட்ட ஒரு வழி செய்துவைப்பதே மனத்தை நேர்ப்படுத்துகிறது என்றுதான் அதைப் படிக்கத் தோன்றுகிறது. அந்த வழி நம் சட்டத்தில் தாமதமாகத்தான் வந்தது. இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 'பாதிக்கப்பட்டவர்' யார் என்ற வரையறைகூட 2009 டிசம்பர் 31 வரை கிடையாது. குற்றவாளிக்கும் அரசுக்கும் நடுவில் நடக்கும் வழக்கில் அவர் வெறும் சாட்சி. அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம் அவருக்கு வரையறையும் இழப்பீட்டுத் திட்டமும் தந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக இப்போது உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இழப்பீடு 396-ஆம் பிரிவில் இருக்கிறது. வல்லுறவுக்கும் அமில வீச்சுக்கும் ஆளானவர்களுக்கு அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் உடனே இலவசச் சிகிச்சை தர வேண்டும் என்கிறது அடுத்த பிரிவு.

இந்த இழப்பீட்டுக்கு, குற்றவாளி பிடிபட வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை. அவன் யாரென்றே தெரியாமல் விசாரணை நடக்காத நிலையிலும், பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்தவர்களோ மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம். ஆணைக்குழு இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அந்த அலுவலகத்தைக் கேட்டுப் போகலாம். இலவசச் சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100. அடிபட்டுவந்த ஒருவரிடம் 'ஏன் அங்கே போனாய்' என்று கேட்க வாய் வரும்போது, அதற்குப் பதிலாக இந்த எண்ணைச் சொல்லுங்கள்.